‘ஹொய்ட்ட’ வம்சாவளி

ஜெர்மன் மொழியில் ‘ஹொய்ட்ட’ என்றால் இன்று. இந்த வினையடையின் தாய் தந்தை யாரென்று விசாரிக்க அதைப் பேசுவோருக்கு நேரமில்லை. இன்றைய வேலையே அவர்களுக்குத் தலைக்கு மேல் கிடக்கிறது. எனவே அப்பொறுப்பை இக்கட்டுரை ஏற்கிறது. நமது துணிபு இது: ஹொய்ட்ட ஒரு சொல்லே அன்று, தேய்ந்துபோன ஒரு தொடர், நம் இலக்கணத்தார் மரூஉ என்பார்களே, அந்த இனம். பழைய மேட்டு ஜெர்மனில் அது ‘ஹியு டகு’ என இரண்டாக நின்றிருக்க வேண்டும். ‘ஹியு’ இந்த, ‘டகு’ நாள். இரண்டுக்கும் மூன்றாம் வேற்றுமை. ‘இந்த நாளால்’ என்ற இத்தொடர் ‘ஹியுட்டு’ ஆகி, பிறகு கடைசி உயிரும் மழுங்கி இன்றைய மேனிக்கு வந்தது. தாயாகிய ‘டாக்’ நலமாக இருக்கிறாள். புதன் நீங்கலாகக் கிழமைப் பெயர்கள் எல்லாவற்றிலும் அவளுக்குக் குடித்தனம் உண்டு. தந்தைதான் பாவம், தனிச் சுட்டாக ஜெர்மனில் எப்போதோ மறைந்தார். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்று அவர் வழி வந்த ஒருவர் நடமாடுகிறார்.

இதெல்லாம் இலத்தீன் ‘ஹோடியே’யைப் பார்த்து எழுதிய காப்பி என்பார் உளர். அதுவும் ‘இந்த நாளில்’ என்பதன் சுருக்கம்தான். ஆனால் 4ஆம் நூற்றாண்டில் கோத்திய மொழியில் விவிலியம் பெயர்த்த உல்ஃபிலா ‘ஹிம்மா டகா’ என்று, தேயாத முழு உருவிலேயே எழுதிவைத்திருக்கிறார். அவர் முன்னே இருந்தது கிரேக்க மூலம், இலத்தீன் அன்று. ‘டாக்’, இலத்தீனில் நாளைக் குறிக்கும் ‘டியெஸ்’ இரண்டும் டகரத்தில் தொடங்குவதைக் காட்டி உறவு கொண்டாடுவதும் செல்லாது. இலத்தீனின் d ஒலிக்கு நேராக ஜெர்மானியக் கிளையின் மூத்த மொழிகளில் வருவது t ஒலி; இலத்தீனில் ‘டெசெம்’ (decem) ஆகிய பத்து ஆங்கிலத்தில் ‘டென்’ (ten) என நிற்பது அப்படித்தான். கோத்திய ‘டகா’வோ (daga) d ஒலியிலேயே தொடங்குகிறது. முகச்சாயல் சொத்துரிமை தராது.

ஒரு முழு நாள் இவ்வளவு சிறிய சொல்லுக்குள் கரையுமா என்பது அடுத்த ஐயம். ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இந்த ஆண்டை ‘ஹொயர்’ என்கிறார்கள். அது ‘ஹியு யாரு’வின் தேய்வு. ஆண்டே கரைந்த இடத்தில் நாள் எம்மாத்திரம்? கரைந்ததை மறந்ததற்கும் சான்று உண்டு. ‘இக்காலத்தில்’ என்பதற்கு ஜெர்மானியர் ‘ஹொய்ட்சுடாகெ’ என்பர். உள்ளே ஏற்கெனவே ஒரு நாள் இருப்பது தெரியாமல் வெளியே இன்னொரு நாளைக் கட்டியிருக்கிறார்கள். சிரிக்க நமக்கு உரிமை குறைவு. மேடைக்கு மேடை ‘இன்றைய தினத்திலே’ என்று தொடங்குபவர்கள் நாம்.