கையெழுத்துப் போடவும் லைசென்ஸ் வேண்டும்

கேள்வி: ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் எதற்கு? நேர்மை போதாதா? (வாசகர், பண்பொழி)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் பஸ் ஓட்ட, நல்லவர் என்ற பெயர் மட்டும் போதுமா? லைசென்ஸ் கேட்கிறோமே! 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறையின் மூலதனச் செலவுக்கு மட்டும் 1.80 லட்சம் கோடி ரூபாய். பூட்ஸ் வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தோல் எத்தனை டிகிரிக் குளிர் தாங்க வேண்டும், எப்படிச் சோதிப்பது என்று டெண்டரில் எழுதாவிட்டால், குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் போகும். சியாச்சினில் நிற்பவரின் கால்தான் விலை கொடுக்கும். எழுதியவர் நேர்மையானவராகவே இருக்கலாம். விஷயம் தெரியாதவர், அவ்வளவுதான். தொழில்நுட்பம், நிதி, தரப் பரிசோதனை, ஒப்பந்த நிர்வாகம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய வேலை இது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2007-லேயே சுட்டிக்காட்டினார்.

அமெரிக்கா 1990-ல் இந்தப் பயிற்சிக்கென்றே சட்டம் போட்டு, தனிப் பல்கலைக்கழகமும் நடத்துகிறது. அப்படியும் எஃப்-35 விமானத்தின் செலவு எகிறியதே என்பீர்கள். உண்மைதான். சான்றிதழ் பேராசையையும் அரசியலையும் தடுக்காது. ஆனால் எந்த ஷரத்தில் பணம் கசிகிறது என்பதைப் படித்தவர்தான் கண்டுபிடிப்பார். நம் நாட்டிலும் வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் வகுப்பு நடத்தி, கொள்முதல் விதிப்புத்தகத்தை மாற்றினால் மட்டும் போதாது. பயிற்சி முடித்தவரைப் பாதியில் வேறு நாற்காலிக்கு மாற்றாமலும் இருக்க வேண்டும். தேறாதவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று அரசு விதி செய்யட்டும்.