வேனுக்குள் ஒரு குளிர்பிரதேசம்

கே: மைசூரு தசராவுக்குப் போய் வேனிலேயே தங்கப் போகிறோம். உள்ளே வைக்க ஒரு போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

ப: தாராளமாக! ஆனால், அதன் பின்பக்கக் குழாயை ஜன்னல் வழியே வெளியே விட வேண்டும். மறந்தால் முன்னால் குளிர், பின்னால் அனல். கூட்டிக் கழித்தால் வேன் இன்னும் சூடாகும். 1 டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் கரண்ட் குடிக்கும். 12 வோல்ட், 100 ஏ.எச். பேட்டரியில் இருப்பதே 1.2 யூனிட். அரண்மனை விளக்குகளைப் பார்த்துவிட்டு வந்து படுத்தால், நீங்கள் அசருவதற்குள் பேட்டரி அசந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு சொல்லாமல் கொள்ளாமல் ஆளை முடித்துவிடும். மைசூரு 750 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. தசரா ராத்திரிக்குக் கொசுவலையும் போர்வையும் போதும். மிச்சமாகும் காசுக்கு மைசூர்பாகு வாங்குங்கள். அதற்கு பிளக் பாயின்ட் தேட வேண்டாம்!