கையில ரோடு தெரியணும்

“வண்டி எப்படிண்ணே ஓடுது?” என்று மட்டும் இவரிடம் கேட்டுவிடக் கூடாது. சமயநல்லூர் டீக்கடையில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் கேட்பதில்லை. வெளியூர்க்காரர் யாராவது திண்டுக்கல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மரியாதைக்குக் கேட்டுத் தொலைப்பார். இரண்டு பஸ் போய்விடும்.

“ஓடுறதெல்லாம் ஓடும் தம்பி. கையில ரோடு தெரிய மாட்டேங்குது.”

பழைய அம்பாசிடர்காரர்களில் பல ரகம் உண்டு. கல்யாணத்துக்கு வாடகை விடுகிறவர், அப்பா ஞாபகமாகக் கொட்டகையில் நிறுத்தியிருப்பவர், தேர்தலுக்குத் தேர்தல் கொடி கட்டி வெளியே எடுப்பவர். இவர் ஸ்டியரிங்குக்காகவே கார் வைத்திருக்கும் ரகம். மற்ற உறுப்புகளெல்லாம் அதைச் சுமந்து திரிவதற்காக உத்தரபாரா தொழிற்சாலையில் சேர்த்துக் கொடுத்தவை.

ஆரம்பத்தில் இவரும் நம்மைப் போலத்தான் இருந்தார். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சத்து வண்டி. 15 அங்குலச் சக்கரம், ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. பரவை மார்க்கெட் வாசலில் காய்கறி லாரிகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். டாக்டர் காரை விற்கச் சொன்னார். இவர் பவர் ஸ்டியரிங் போட்டார்.

சென்னை புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட ஆல்ட்டோ ஒன்றின் ஸ்டியரிங் தண்டு, அதோடு ஒட்டிய மோட்டார், அதன் மூளையான சின்னப் பெட்டி எல்லாம் ஒரு சாக்கில் வந்து இறங்கின. கரண்டில் ஓடும் இந்தச் சங்கதியை 1988இல் ஜப்பானில் செர்வோ என்ற குட்டிக் காரில் முதலில் கொண்டு வந்தது சுசுகிதான். 700 கிலோ சொச்சம் எடையுள்ள வண்டிக்குச் செய்ததை நம் ஊர் வெல்டிங் பட்டறை அம்பாசிடருக்குள் திணித்தது. முதல் வாரம் முழுக்கச் சுண்டுவிரலால் திருப்பிக் காட்டினார். பார்க்க மறுத்தவர்களை வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தார்.

இரண்டாவது வாரம் முகம் வாடிவிட்டது. “வெண்ணெயில கை விட்ட மாதிரி இருக்கு” என்றார்.

புகாரில் நியாயம் இருக்கிறது. ஆல்ட்டோவில் வேகம் எவ்வளவு என்ற தகவல் மூளைப் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். மெதுவாகப் போனால் மோட்டார் நிறைய உதவும். வேகம் கூடக் கூட உதவியைக் குறைத்துக்கொள்ளும், கைக்குக் கனம் கிடைக்கும். அம்பாசிடரிலோ ஸ்பீடாமீட்டருக்குக் கியர் பாக்ஸிலிருந்து வருவது ஒரு கேபிள். அது முள்ளைத்தான் ஆட்டும். கம்ப்யூட்டரோடு பேசத் தெரியாது. ஆகவே நான்குவழிச் சாலையில் வாடிப்பட்டியை நோக்கிப் பறக்கும்போதும் பெட்டி, வண்டி வீட்டு வாசலில் நிற்பதுபோல விழுந்து விழுந்து உதவுகிறது.

பட்டறைப் பையன் வண்டிக்கடியில் படுத்து, முன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். “அண்ணே, டை ராடு எண்டு ரெண்டும் தேஞ்சு லொடலொடன்னு இருக்கு. அதை மாத்தி, அலைன்மென்ட் பார்த்து, டயர்ல காத்தை ஒழுங்கா வச்சாலே பாதி சரியாயிரும்ணே.”

என்னைக் கேட்டால் உலகத்தில் ஸ்டியரிங் பற்றிச் சொல்லப்பட்ட புத்திமதியில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். ஆனால் டை ராடு எண்டு மாற்றியதை டீக்கடையில் எத்தனை நாள் பேச முடியும்? இவர் பையனைப் பரிதாபமாகப் பார்த்தார். “காஸ்டர் ஆங்கிள்னு ஒண்ணு இருக்கு தெரியுமாடா?” என்று தொடங்கினார். சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம் அது. சாய்வு கூடினால் சக்கரம் தானாக நேருக்கு வரும், கைக்குக் கனமும் கூடும். அங்கிருந்து அமெரிக்கா போய், 1920களிலேயே பவர் ஸ்டியரிங் செய்து பார்த்த ஃபிரான்சிஸ் டேவிஸைக் கூப்பிட்டு, 1951இல் கிறைஸ்லர் இம்பீரியலில் அது விற்பனைக்கு வந்த கதையைச் சொல்லி, அவர் திரும்பி வருவதற்குள் பையன் இன்னொரு வண்டிக்குப் பஞ்சர் ஒட்டி முடித்திருந்தான்.

கடைசியில் ஒரு குட்டிப் பெட்டி வந்தது. ‘வண்டி இத்தனை வேகத்தில் போகிறது’ என்று மூளைப் பெட்டியிடம் பொய் சொல்வது ஒன்றுதான் அதன் வேலை. எவ்வளவு பொய் வேண்டும் என்பதை ஃபேன் ரெகுலேட்டர் போன்ற ஒரு திருகால் முடிவு செய்யலாம். டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்திக்கொண்டார். அன்றிலிருந்து இவருடைய இடது கைக்குக் கியர் போடவும் ஓய்வில்லை. தேனூர் வழியாகச் சோழவந்தானுக்கு வெற்றிலை வாங்கப் போகும் சாக்கில், வளைவுக்கு வளைவு திருகுவார். “இப்ப அறுபதுல வச்சிருக்கேன். தெரியுதா?”

பின்சீட்டில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கேட்டார்: “ஏங்க, அதைச் சுத்துனா இங்கிட்டுக் கொஞ்சம் காத்து வருமா?”

தம்பி மகனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரியப்பா வண்டிதான் என்று ஒரே பேச்சில் முடிவாயிற்று. பூ அலங்காரம், சீரியல் பல்பு, முன்னால் பேண்டு செட்டு. இவர் திருகை எண்பதில் வைத்து வண்டியை எடுத்தார். ஊர்வலம் போனது நடக்கிற வேகத்தில். எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு உரிய கனத்தை அந்த வேகத்தில் திருப்பித் திருப்பிச் சட்டை நனைந்துவிட்டது. முகத்தில் மட்டும் அப்படியொரு தெளிச்சி. பின்னாலிருந்து மனைவி எட்டி, திருகைப் பூஜ்யத்துக்குத் தள்ளினார்.

அங்கேதான் வினை. நிற்கிற, ஊர்கிற வண்டியில் சக்கரத்தைத் திருப்பத்தான் மோட்டார் பேட்டரியை அதிகம் உறிஞ்சும். இவரோ, ‘ஒரிஜினாலிட்டி போயிரும்’ என்று ஆல்டர்னேட்டர் மாற்றாமல் பழைய டைனமோவையே வைத்திருந்தார். அது மெதுவான ஓட்டத்தில் கொடுப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. பேண்டுக்காரர்கள் அதைத் தாளக்கட்டு என்று நினைத்து உற்சாகமானார்கள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டுவதற்குள் சீரியல் பல்பு, ஹெட்லைட், பவர் ஸ்டியரிங், இன்ஜின் எல்லாம் அந்த வரிசையில் அணைந்தன. 106 மெகாவாட் டீசல் மின் நிலையம் வந்த ஊரில், ஒரு மாப்பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

இளவட்டங்கள் ஜிப்பாவை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார்கள். மோட்டார் செத்த ஸ்டியரிங் கருங்கல்லாகக் கனத்தது. ஒவ்வொரு பள்ளமும் நேராக உள்ளங்கைக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இவர் கத்தினார்: “டேய், நிறுத்திராதீங்கடா! இதுதான்டா ஃபீலு! ஒரு ஜல்லிக்கல்லு விடாமத் தெரியுது!”

தள்ளுகிறவர்களும் வேகம் கூட்டினார்கள்.

“பெரியப்பா,” என்றான் மாப்பிள்ளை, மாலைக்குள்ளிருந்து. “மண்டபம் தாண்டிருச்சு.”