பதினொரு மணிப் பரிசோதனை

முதல் நாள் மாலையே தொலைபேசி வந்துவிடும். “நாளைக்குப் பதினொரு மணிபோல உங்கட இல்லத்தைப் பார்க்க வாறம்.” பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு மரியாதையாக அறிவித்துவிட்டு வருவதில்லை.

மன்னார்த் தீவிலோ எதிரேயுள்ள பெருநிலக் கரையிலோ, பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் இருக்கும் ஒரு சின்ன இல்லத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். விடிந்ததும் கச்சான் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் முற்றத்தை விட்டுப் போகும். அலுமாரிக்குள் கிடந்த புது விரிப்புகள் கட்டிலுக்கு வரும். மூத்திர வாடைக்கு மேலே டெற்றோல் ஏறும். அலுவலருக்கு இளநீர், பிறகு பதிவேடு. பதிவேடு ஒரு தங்கமான பிள்ளை, கேட்டதற்கெல்லாம் ‘ஓம்’ என்று சொல்லும். கடைசியாக ஒரு கட்டிலின் முன்னால் நின்று கேள்வி: “ஆச்சி, சாப்பாடெல்லாம் எப்பிடி?” கேட்கும்போது பொறுப்பாளர் தலைமாட்டில் நிற்பார்.

“ஒரு குறையுமில்லைத் தம்பி.”

ஆச்சி கெட்டிக்காரி. கேட்டவர் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார், தலைமாட்டில் நிற்பவர் போகமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். கோப்பில் ‘திருப்தி’ என்று விழுகிறது. யாருடைய திருப்தி என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

எங்கள் ஊர்க்காரரை எண்ணத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வங்காலைச் சரணாலயத்துக்கு வருகிற பூநாரைகளை எண்ணுகிறோம். தென்கரையில் சுழலும் தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் எந்நேரம் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தெருக் கழுதைகளுக்கு வைத்தியம் பார்க்கவும் ஓர் இடம் உண்டு. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் போன மாதம் ஓர் இல்லத்தில் எத்தனை பேர் இரவில் வழுக்கி விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட உங்களைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

சட்டமா? தாராளமாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பெயரில் ஒரு தேசிய சபை, ஒரு தேசியச் செயலகம். இல்லம் நடத்துகிறவர் பதிய வேண்டும் என்கிறது சட்டம். சமூக சேவை மாகாணத்தின் பொறுப்பும்கூட. எங்கள் வட மாகாணத்தில் 2013-இல் வாராது வந்த மாகாண சபை 2018 அக்டோபரில் காலாவதியானது. அடுத்த தேர்தல் வந்தபாடில்லை. ஆக, ஆச்சியின் புண்ணைப் பற்றிக் கேள்வி எழுப்பக்கூடிய கதிரைகள் வருடக்கணக்காக வெறுமனே கிடக்கின்றன. முதியோர் தினத்தில், அக்டோபர் முதலாம் திகதி, குறைவே வைப்பதில்லை: மேடை, மாலை, ஒரு குடை, ஒரு படம். பொழுதுபட ஆச்சி மறுபடி கட்டிலுக்கு.

அதிகாரிகளை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையான மேற்பார்வையாளர்கள் நாங்கள்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு மகனின் பிறந்தநாளுக்கும் தகப்பனின் நினைவுநாளுக்கும் ‘ஒரு நேரச் சாப்பாடு’ கொடுக்கிற நாங்கள். நத்தாருக்கு ஒன்று, பெருநாளுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, மதபேதமே கிடையாது. பணம் போனதும் வற்சப்பில் முதல் கேள்வி: “படம் எங்க?” படம் வரும். ஒரு வாரத்தில் மூன்று பிறந்தநாள் விழுந்தால், சீனி வருத்தக்காரரான அதே ஐயா மூன்று கேக்கை வெட்டி, மூன்று முறை ஊட்டப்பட்டு, மூன்று முறை சிரிப்பார். சீனி ஏறி அவருக்குத் தலை சுற்றுகிற வியாழக்கிழமையைப் படம் எடுக்க ஆள் இல்லை. இரவில் அங்கே யார் விழித்திருக்கிறார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று ஒரு கொடையாளி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இரவுக் காவலுக்குப் பணம் கொடுத்தால் பெயர்ப் பலகையை எங்கே மாட்டுவது? பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் தொண்ணூறில் படகேறிய கையோடு மண்டபம் முகாமில் என்று சிதறிப்போன பெற்றோர்தாம் பெரும்பாலும் அங்கே இருப்பவர்கள். போர் எடுத்ததுபோக மிஞ்சியவர்களைப் பார்த்துக்கொள்ள எங்களுக்குக் கேக் போதும் என்று தோன்றியிருக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, எங்கள் வளைகுடாவின் மறுகரையில், தமிழ்நாட்டுக் கீழக்கரைக்குப் பக்கத்தில், ஏர்வாடி. தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சுற்றிலும் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். தீயைக் கண்டவர்களில் பலரால் ஓட முடியவில்லை. ஊர் முழுக்க அந்தச் சங்கிலிகளைப் பார்த்திருந்தது. பகலில், வெளிச்சத்தில், வருடக்கணக்காக. இப்படி இடம் நடத்த உரிமம் வேண்டும் என்று இந்தியாவின் 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்லியிருந்தது.

பிறகு அரசு பாய்ந்தது பாருங்கள்! ஒரே வாரத்தில் ஏர்வாடியின் காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. விசாரணை ஆணையம் வந்தது. 2007-இல் எரிந்த காப்பகத்தின் உரிமையாளருக்கு 7 ஆண்டுச் சிறை. ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலைதான் அது என்று அரசே நிரூபித்துவிட்டது. அந்த வாரம் ஜூலையில் வந்திருக்கக் கூடாதா? அதற்கு 28 உடல்கள் முன்பணமாகத் தேவைப்பட்டன போலும்.

வெள்ளைக்காரன் நாட்டில் இப்படி நடக்காது என்பவர்களுக்கு ஒரு தகவல். பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்து வதைத்ததை 2011-இல் பிபிசி மறைகாமிரா வைத்துக் காட்டியது. அங்கே வேலை பார்த்த ஒருவர் அதற்கு முன்பே கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதியிருந்தார். ஆணையம் அசையவில்லை. அவர்களிடமும் பதிவேடு இருந்திருக்கும். எங்களுடையதைவிட நல்ல தாளில்.

பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். இரவு எட்டுக்கு உதவிப் பெண் வீட்டுக்குப் போய்விடுகிறாள். மறதி வந்த ஐயா ஒருவர் இருட்டில் எழும்பி, படகு இறக்க வேண்டும் என்று கடற்கரைப் பக்கம் நடந்துவிடுகிறார் என்பதற்காகக் கதவுக்குப் பூட்டு. ஜன்னலுக்குக் கம்பி. நுளம்புத் திரி பாய்க்குப் பக்கத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. பூட்டின் சாவி இரண்டு தெரு தள்ளி, பொறுப்பாளர் வீட்டுச் சுவரில், கலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

ஆச்சிக்கு அந்த ஆணி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியும். அலுவலர் அவரிடம் கேட்டது சாப்பாட்டைப் பற்றி.