மருமகன் பிடிச்ச அகப்பை

மருமகனே, மெட்ராஸ்ல நீ சோறு பொங்குறயாம். எந்தங்கச்சி போன் போட்டுச் சொன்னா. சொல்லும்போது சிரிச்சாளா அழுதாளான்னு எனக்குப் பிடிபடல. "நாப்பது வயசுல அவனுக்கு அடுப்படிக் கிறுக்குப் பிடிச்சிருக்கு அண்ணே"ன்னா. புதுக் கிறுக்கு இல்ல தாயி, பழைய கிறுக்குத்தான் திரும்பியிருக்குன்னேன்.

ஞாபகம் இருக்கா? அப்ப ஒனக்கு ஏழெட்டு வயசு. பரீச்சை லீவுக்கு இங்க வந்தா, வேப்பமரத்தடியில மூணு கல்லைக் கூட்டி வச்சுக் கூட்டாஞ்சோறு ஆக்குவீக. ஒருத்தி அரிசி கொண்டாருவா, ஒருத்தன் பருப்பு கொண்டாருவான், நீ எங்க வீட்டு நல்லெண்ணெய்ச் சீசாவைக் களவாண்டுட்டுப் போவே. சோத்துல பாதி மண்ணு, மீதி புகை. ஆனா உப்பு மட்டும் கச்சிதமா இருக்கும். அது ஒங் கை. ஒருநாள் ஒரு மடையன் வந்து, "ஆம்பளப் பயலுக்கு அடுப்படியில என்னடா சோலி"ன்னு அகப்பையைப் பிடுங்கித் தூர எறிஞ்சான். அந்த மடையன் நாந்தான்.

அப்ப எனக்கு ஒண்ணு உறைக்கல. ஊர்ல கல்யாணம்னா அண்டாவுக்கு முன்னால நிக்கிறவன் ஆம்பள. டவுன்ல புரோட்டாவுக்கு வீசுறவன் ஆம்பள. டீ ஆத்துறவன் ஆம்பள. கூலி உண்டுன்னா கரண்டி ஆம்பள கையில இருக்கலாம், கூலி இல்லாத அடுப்புக்குத்தான் பொம்பளை. நல்ல சட்டம்யா. போட்டவன் எவனோ, வேளாவேளைக்குச் சாப்பிட்டவன்.

2020 மார்ச்சுல நாட்டையே பூட்டிப் போட்டாகளே, அப்ப ஓட்டல் இல்லாமத்தான் நீ அடுப்பைப் பத்த வச்சதா உங்கம்மா சொல்றா. ஓட்டல் தொறந்த பெறகும் கரண்டியை விடலைன்னா அது ஆசைதான், ஒத்துக்கிடுறேன்.

ஆனா ஆசை வந்தா மனுசன் மொதல்ல கடைக்குத்தான் ஓடுறான். கத்தி மட்டும் ஆறாமே? தக்காளி அறுக்கப் பல்லு வச்ச கத்தி வேறயாம். கிராம் காட்டுற தராசாம். உங்க அத்தை ஒத்த அருவாமணையில மீன்ல இருந்து பலாக்காய் வரைக்கும் பாத்துட்டுப் போய்ச் சேந்தா. அதெல்லாம் கூடப் போகட்டும். போன பொங்கலுக்கு வந்தவன் எங்க வீட்டு ஆட்டுரலைக் கார்ல ஏத்திட்டுப் போயிட்டியே! 2011ல வந்த திட்டத்துல கவுர்மெண்டு மிக்ஸியும் கிரைண்டரும் ஓசியாக் குடுத்துச்சு. அதுலருந்து அந்த உரல் கோழி தண்ணி குடிக்கிற தொட்டி. மூணாவது மாடியில நீ அதுல மாவாட்டப் போயி, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுனாராம். எங் கோழிகளுக்கு இப்ப பிளாஸ்டிக் டப்பா. அதுகளும் ஒம் மேல கோவமாத்தான் திரியுதுக.

புது மண்சட்டியை வாங்குன அன்னைக்கே அடுப்புல ஏத்தி விரிசல் விட வச்சிட்டயாம். ரெண்டு நாள் அரிசி களைஞ்ச தண்ணியில ஊறப் போடணும்யா. பெறகு எண்ணெயைத் தடவி, சிறுந்தீயில காட்டிப் பழக்கணும். நல்லாக் குடிச்ச சட்டிதான் அடுப்புல நிக்கும். மனுசனுக்கு நேர்மாறு.

கருணைக்கிழங்கு கதையைக் கேட்டுத்தான் வெத்தலை புரையேறிடுச்சு. பேத்தி நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு அழுதாளாமே? ஆறு கத்தி வாங்குனவன் ஒரு உருண்டை புளி வாங்கக் கூடாதா? கிழங்கைப் பச்சையா ஆக்காம நாலு நாள் போட்டு வச்சு, கையில எண்ணெயைத் தேச்சுக்கிட்டு நறுக்கி, புளித்தண்ணி ஊத்தி வேக வச்சா அரிப்பு அடங்கும். வீடியோவுல சொன்னவன் இதைச் சொல்லலைன்னயாம். அவன் ஆக்கிக் காட்டிருப்பான், தின்னுருக்க மாட்டான்.

குழம்பு செக்கச்செவேல்னு இருக்கு, உறைப்பைக் காணோம்னு வேற பொலம்பல். நிறத்தைப் பாத்துப் பாக்கெட்டு வாங்குனா நிறந்தான் வரும். விளாத்திகுளம் பக்கத்து முண்டு வத்தல் உருண்டையா, தொலி தடிச்சு இருக்கும். மல்லியோட சேத்து வறுத்து அரைச்சுப் பாரு. ஒரு கிலோ எடுத்து வச்சிருக்கேன். ஓசி இல்ல.

உங்கம்மாகிட்ட அளவு கேட்டா "கண்ணளவுதான்"பா. வெக்கப்படாமத் திரும்பத் திரும்பக் கேளு. சொந்தக்காரங்க கேட்டுக் கேட்டு நச்சரிச்சதுலதான் மீனாட்சி அம்மாள் 1951ல 'சமைத்துப் பார்'னு புஸ்தகமே போட்டாக. ஆனா நம்ம ஊர்ப் பொம்பளைக பக்குவம் சொல்லும்போது ஏதாச்சும் ஒண்ணை முழுங்கிட்டுத்தான் சொல்லுவாக. எந்தங்கச்சி ரசத்துக்கு எல்லாத்தையும் சொல்லுவா, பெருங்காயத்தை எப்பப் போடணும்கிறதை மட்டும் விட்டுருவா. பக்கத்துல நின்னு கையைப் பாக்கணும்.

எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. உங்க அத்தை போன மறுமாசம், அறுபத்தெட்டு வயசுல, உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியாம அடுப்படியில நின்னேன். நாப்பத்தஞ்சு வருசம் அவ கையால தின்னவன். மொத நாள் உப்புன்னு நெனைச்சு ஆப்பசோடாவைப் பருப்புல கொட்டிட்டேன். அது பொங்குன பொங்கு இருக்கே! ரசம் நுரை கட்டி வாரப்பவே எறக்கணும், தளதளன்னு கொதிக்க விட்டாச் செத்துப் போகும்னு யாரும் எனக்குச் சொல்லல. நாலு மாசம் செத்த ரசமாக் குடிச்சுக் கண்டுபிடிச்சது. அகப்பையைப் பிடுங்கி எறிஞ்சவனுக்கு அது காணாது.

ஒனக்குத் தெரியாம எம் மருமகளும் போன் போட்டா. நீ ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் ஆக்குவியாம். பதினோரு ஏனம் எடுப்பியாம். நீ போட்டோ பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள பிரியாணி ஆறிப் போகுமாம். சாப்பிட்டுட்டு "அப்பாடா, முதுகு வலிக்கு"ன்னு நீ சாஞ்சதும் அடிப்பிடிச்ச சட்டியைத் தேய்க்கிறது அவளாம். இதுக்குப் பேரு சமையல் இல்லய்யா, திருவிழா. சாமி போன பெறகு தெருவைக் கூட்டுறவளுக்குத்தான் தெரியும்.

திங்கக்கிழமை ராத்திரி கோவில்பட்டியில முத்துநகர் ஏறுறேன். செவ்வாக்கிழமை மத்தியானத்துக்கு அங்க சாப்பாடு. சோறு, ரசம், ஒரு தேங்காத் தொவையல் போதும். வத்தல் கொண்டாரேன், காசை எடுத்து வை. ஏனத்தை நான் பாக்க நீதான் விளக்கணும். கருணைக்கிழங்கு வேண்டாம்.