ஓரறை உயிர்

விளம்பரத்தில் ‘ஸ்டுடியோ அபார்ட்மென்ட்’ என்றும் புரோக்கர் வாயில் ‘ஒன் ஆர்கே’ என்றும் வழங்கும் சென்னைக் குடியிருப்பில், படுக்க, உட்கார, சமைக்க எல்லாவற்றுக்கும் ஒரே அறைதான். மூலையில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் குளியலறை. ஒரே ஓர் அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. ஏறத்தாழ 102 சதுர அடி. ஒரு மனிதர் குடியிருக்க இது போதும் என்று நெறித்தொகுப்பை எழுதியவர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அந்த மனிதர் அறையை அலங்கரிக்கவும் புறப்படுவார் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படிப் புறப்பட்டவர்தான் ஓரறை அலங்காரி. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் எனப் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அடர்த்தியாகக் காணப்படுவார். ஆண், பெண் இருபாலிலும் உண்டு. பகலில் கம்ப்யூட்டர் வேலை, இரவில் அறை வேலை. அளவு நாடா எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். அளந்து முடித்த பிறகும் அறை வளர்வதில்லை என்பதால் மறுநாளும் அளப்பார்.

இவருக்கு முன்னோர் உண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் குடியிருந்த பிரம்மச்சாரிகளும் ஒற்றை அறைக்காரர்கள்தான். அவர்களுடைய அலங்காரம் ஒரு சிவகாசி காலண்டர், ஒரு சவரக் கண்ணாடி, இந்தச் சுவர் ஆணியிலிருந்து அந்தச் சுவர் ஆணிக்குக் கட்டிய கொடி, இவற்றோடு முடிந்தது. கொடியில் காயும் கைலிதான் திரைச்சீலை. மேன்ஷன்வாசி அறையைப் பற்றிக் கவலைப்படாததற்குக் காரணம் எளிது. தூங்குகிற நேரம் போக அவர் அங்கே இருந்ததே இல்லை. சாப்பாடு மெஸ்ஸில், அரசியல் டீக்கடையில், காற்று மெரினாவில். ஓரறை அலங்காரிக்கோ ஆபீஸே கட்டிலின் வலது ஓரத்தில்தான். நாள் முழுக்க நான்கு சுவரையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, ஐந்தாவது நாள் சுவர் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அலங்காரத்தின் முதல் எதிரி ஹவுஸ் ஓனர். “சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க தம்பி” என்பது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத, எல்லாப் பக்கத்தையும் மிஞ்சிய விதி. அதை மீற முடியாதபடி அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கிறது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பல இடங்களில் இருதரப்பும் வேறுவிதமாகவே ஒப்புக்கொள்கின்றன.

ஆணி போனால் ஒட்டுக் கொக்கி. இத்தனை கிலோ தாங்கும் என்று பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பது உண்மைதான். கொக்கி ஒருபோதும் பெயின்டை விடுவதில்லை. பெயின்ட்தான் சுவரை விட்டுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி, சுவர் ஓதம் காத்துக்கொண்டிருக்கும் ஒரு நள்ளிரவில், படமும் கொக்கியும் உள்ளங்கையளவு பெயின்டும் ஒன்றாகத் தலைமாட்டில் வந்து விழும். தெரியும் ஓட்டையை மறைக்க அலங்காரி செங்கல் படம் அச்சிட்ட ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறார். ஆகக் கடைசியில் அந்த இடத்தில் செங்கல், அதன்மேல் பூச்சு, அதன்மேல் பெயின்ட், அதன்மேல் மறுபடியும் செங்கல்.

அடுத்தது விளக்கு. டியூப் லைட் இந்த அறையில் தீண்டத்தகாத பொருள். 2,700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம்தான் இதமானது என்று படித்துவிட்டு, தரையில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று, ஜன்னலைச் சுற்றி ஒரு சீரியல் செட் என்று அமைத்துக்கொள்கிறார். ஊரிலிருந்து வரும் அம்மா கதவைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “ஏன்டா இருட்டுல உக்காந்திருக்க, கரண்ட் பில்லு கட்டலையா?” சீரியல் செட்டைப் பார்த்துவிட்டு இரண்டாவது கேள்வி, “இங்க பக்கத்துல எந்தக் கோயில்ல திருவிழா?”

செடியில் அலங்காரிக்குத் தனி நம்பிக்கை. காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்பிப் பாம்புச் செடி வாங்குகிறார். ஊரில் வேலியோரம் யாரும் சீண்டாமல் கிடக்கும் மருளுக்கு நெருங்கிய உறவுதான் அது. ஆனால் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வைத்ததும் அதற்குப் பல நூறு ரூபாய் மரியாதை வந்துவிடுகிறது. மணி பிளாண்ட் என்பது தென் பசிபிக்கில் டாஹிட்டிக்குப் பக்கத்துத் தீவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய கொடி. தண்ணீர் பாட்டிலிலும் வளரும் என்பதால் அலங்காரியின் கையிலும் பிழைத்துக்கொள்கிறது. செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற புகழுக்கு வேர் 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு. அந்தச் சோதனைகள் காற்றுப்புகாத சிறு பெட்டிகளில் நடந்தவை. சாதாரண அறையில் அதே பலன் கிடைக்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019இல் வந்த மறு ஆய்வு கணக்கிட்டது. 300 சதுர அடி அறைக்குக் குறைந்தது 280 தொட்டி. அத்தனையையும் வைத்தால் காற்று சுத்தமாகும். சுவாசிக்க ஆள்தான் வெளியே நிற்க வேண்டும்.

இனி மரச்சாமான். சின்ன அறைக்கு வாங்கும் ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது அலங்காரியின் வேதம். இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் மர்ஃபி, சுவருக்குள் மடித்து நிறுத்தும் கட்டிலைப் புகழ்பெறச் செய்தார். ஆணின் படுக்கையறைக்குள் பெண் வருவது அந்தக் காலத்தில் தகாது. கட்டிலை மறைத்துவிட்டால் அதே அறை வரவேற்பறை ஆகிவிடும் என்பதற்காகவே அப்படிச் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். சென்னை ஓனரிடம் இந்த உபாயம் செல்லாது. கட்டிலைச் சுவரில் மறைத்தாலும் மாமல்லபுரத்தில் மறைத்தாலும், படியேறி வருகிறவர் யார் என்பது கீழ்வீட்டு ஜன்னலுக்குத் தெரியும்.

மர்ஃபியின் இடத்தை இங்கே சோபா கம் பெட் பிடித்திருக்கிறது. முதல் வாரம் காலையில் சோபா, இரவில் பெட். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோபா. பிறகு பெட்தான், விருந்தாளிகளும் அதன் மேலேயேதான். இதோடு மடக்கு மேசை, உள்ளே சாமான் வைக்கும் முக்காலி, ஒரே கொக்கியில் ஆறு சட்டை மாட்டும் ஹேங்கர், கட்டிலுக்கடியில் தள்ளும் சக்கரப் பெட்டி எல்லாம் வந்து சேரும். இந்த இடத்தில் ஓரறை இயற்பியலின் மூல விதி தெரியவருகிறது. இடத்தை மிச்சப்படுத்தும் பொருள்கள் சேரச் சேர இடம் குறையும். முக்காலிக்குள் இடம் இருக்கிறதே என்று அதில் வைக்கப் பொருள் வாங்குவார். பொருள் பிதுங்கியதும் இன்னொரு முக்காலி. நடுவில் ஒருமுறை, ஜப்பானில் வெளியாகி உலகெங்கும் விற்ற, வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லும் மாரி கோண்டோவின் புத்தகத்தைப் படித்துவிட்டு, மகிழ்ச்சி தராத பொருளையெல்லாம் கழிக்க முயல்வதும் உண்டு. மகிழ்ச்சி தராத பொருள்களில் முதன்மையானது கேஸ் சிலிண்டர் என்று தெரிந்ததும் அந்த முயற்சி நின்றுவிடும்.

எந்த அலங்காரத்துக்கும் அடங்காதது வாட்டர் கேன். இருபது லிட்டர், நீல நிறம், வாரம் இரண்டு முறை வரும். அதற்குப் பின்னல் உறை போட்டுப் பார்ப்பார்கள், மேலே செடி வைத்துப் பார்ப்பார்கள். கேன்காரர் வந்ததும் உறையை உருவி எறிந்துவிட்டுக் காலி கேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு அழகியல் கிடையாது, ஏழு மாடி இருக்கிறது.

இன்னொன்று தாளிப்பு. அடுப்புக்கும் தலையணைக்கும் ஆறடி இடைவெளி உள்ள வீட்டில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப்போட்டால் முதலில் தும்முவது லினன் திரைச்சீலை. திங்கட்கிழமை வைத்த சாம்பார் வெள்ளிக்கிழமை வரை போர்வையில் இருக்கும். லாவெண்டர் மெழுகுவத்தி ஏற்றினால் சாம்பார் போகாது. லாவெண்டர் சாம்பார் ஆகும். கருவாடு வறுத்த அலங்காரிகளும் உண்டு. அவர்கள் அதற்குப் பிறகு அதே அறையில் நெடுநாள் இருந்ததாகத் தகவல் இல்லை.

பாரம்பரியமும் கொஞ்சம் வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுவார். மூன்றாம் நாள் அதில் மிதப்பது கொசுமுட்டை. பவானி ஜமுக்காளத்தைத் தரையில் விரித்துப் பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிடுவார். தங்க வந்த அம்மா முதல் இரவே அந்தப் பாயைக் கழற்றி விரித்துப் படுத்து, அறையிலேயே நன்றாகத் தூங்கிய ஒரே ஆள் என்ற பெயரை வாங்குவார்.

செல்போனில் எடுக்கும் படத்தில் அறை எப்போதும் அழகாகவே இருக்கும். படத்துக்குள் வருவது ஜன்னலோர மூலை மட்டும். மீதி அறையின் சாமான் அத்தனையும் அந்த நேரத்தில் குளியலறையில் நிற்கும்.

காலி செய்யும் நாளில் ஓனர் செல்போன் டார்ச்சோடு சுவரைச் சுற்றிவந்து ஒட்டுக் கொக்கி உரித்த இடங்களை எண்ணுவார். எண்ணிக்கை எதுவானாலும் பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னையின் பரவலான வழக்கம். ஆணியே அடித்திருக்கலாமே என்பது அலங்காரிக்கு அப்போதுதான் உறைக்கும். இரண்டு பையோடு ஆட்டோவில் வந்தவர் குட்டியானையில் இரண்டு நடை அடித்துப் போவார். கல்யாணம் ஆகி இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போனால், ஒன்றில் தம்பதியர். இடத்தை மிச்சப்படுத்தும் சாமான்கள் இன்னொன்றில். விருந்தாளி வந்தால் அந்தக் கதவைத் திறப்பதில்லை.