ஒரு பந்து, இரண்டு ஓட்டக்காரர்கள்

கே: அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற ‘ரன்னிங் பேக்’ வேலைக்கு நல்ல ஆள் ஒருவர் போதாதா?

ப: தாராளமாகப் போதும், எதிரே பாய்ந்து வருகிறவர்கள் நூற்று முப்பது கிலோ இல்லையென்றால்! ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு 2014-ல் டாட் கர்லி என்ற சூரப்புலி இருந்தார். கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினார் என்று அக்டோபரில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்து நிற்க வேண்டிய கீத் மார்ஷல், சோனி மிஷெல் இருவருக்கும் காயம். மிஸூரியுடன் ஆட்டம். பந்து நிக் சப் என்ற முதலாண்டு மாணவன் கைக்குப் போனது. 38 முறை ஓடி 143 யார்டு, ஜார்ஜியா 34-0. வரிசையில் பின்னால் நிற்பவனையும் தினசரிப் பயிற்சியில் முதல் ஆளைப் போலவே நடத்தியிருந்தால்தான் இது நடக்கும். காயம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவதில்லை.

கே: ஒரே உறையில் இரண்டு கத்தியா? சண்டை வராதா?

ப: வரும். வராத இடமும் உண்டு. அதே நிக் சப்புக்கு 2015-ல் டென்னஸி ஆட்டத்தின் முதல் ஓட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அவர் இடத்தில் ஓடி ஆயிரம் யார்டைத் தாண்டியவர் சோனி மிஷெல். சப் குணமாகித் திரும்பி வந்தபோது, ‘இது என் இடம்’ என்று இருவரில் யார் வேண்டுமானாலும் கொடி பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் சம்பளம் வாசலில் காத்திருக்க, இருவருமே கடைசி ஆண்டு ஆட காலேஜுக்கே திரும்பினார்கள். 2017-ல் சப் 1,345 யார்டு, மிஷெல் 1,227.

ஆனால் எனக்கு இந்தக் கணக்கைவிட 2018 ஜனவரி 1-ஆம் தேதி ரோஸ் பவுல் ஆட்டம்தான் சுவை. ஓக்லஹோமாவுடன் கடைசிக் கால் பகுதி. மிஷெல் பந்தை நழுவவிட்டார்; எதிரணி அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டு 45-38 என்று முந்தியது. 55 விநாடி மிச்சமிருக்கையில் சப் உள்ளே பாய்ந்து சமன் செய்தார். ஒருவர் சிந்தியதை இன்னொருவர் துடைத்தாகிவிட்டது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் 27 யார்டு ஓடி 54-48 என்று ஆட்டத்தை முடித்தவர் யார் தெரியுமா? பந்தை நழுவவிட்ட அதே மிஷெல். சற்றுமுன் தவறவிட்டவன் கையில் மறுபடி பந்தைக் கொடுத்தார்களே, அந்த நெஞ்சழுத்தத்துக்கு ஒரு சலாம். அன்று மிஷெல் ஓடியது 11 தடவைதான். சேர்த்தது 181 யார்டு. பாதி ஆட்டம் ஓய்வில் இருந்த கால் கூடுதல் நேரத்தில் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கே: ஆட்டத்தை முதலில் தொடங்குகிறவர் யார் என்பது அவ்வளவு முக்கியமா?

ப: அவருடைய அம்மாவுக்கு முக்கியம். கோச்சுக்கு, முடிக்கும்போது யார் களத்தில் நிற்கிறார் என்பதே கவலை.

கே: அப்படி நிறுத்தி மாட்டிக்கொண்ட கோச் உண்டா?

ப: உண்டே! 2006 ஜனவரி ரோஸ் பவுல். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரெஜி புஷ், லென்டேல் வைட் என்று இரட்டையர். புஷ் மின்னல், வைட் புல்டோசர். டெக்ஸஸை 38-33 என்று முந்திக்கொண்டிருந்தார்கள். நான்காவது, அதாவது கடைசி முயற்சி, இரண்டு யார்டு தேவை, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. பந்து வைட்டிடம் போனது, டெக்ஸஸ் மறித்துவிட்டது. 19 விநாடி இருக்கையில் டெக்ஸஸின் வின்ஸ் யங் ஓடி ஆட்டத்தைப் பறித்தார். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஹைஸ்மன் கோப்பை வாங்கிய புஷ் அப்போது கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்! கோச் பீட் கேரலை இன்னும் திட்டுகிறார்கள். நான் பாதிதான் திட்டுவேன். இரண்டு யார்டுக்கு வைட் சரியான ஆள். அன்று அவர் ஏற்கெனவே மூன்று டச்டவுன் போட்டிருந்தார். ஆனால் புஷ்ஷும் களத்தில் இருந்திருந்தால் எதிரணியில் இரண்டு பேராவது அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்து கையில் இல்லாமலே பயன்படுகிற ஆளை வெளியே உட்கார வைத்தது தப்பு.

கே: பந்து கையில் இல்லாதபோது ரன்னிங் பேக்குக்கு வேறென்ன வேலை?

ப: அடி வாங்குவது. குவார்ட்டர்பேக் பந்து எறியத் தயாராகும்போது அவரை நசுக்க ஓடி வருகிறவர் குறுக்கே போய் நிற்க வேண்டும். இதற்குப் புள்ளிவிவரமும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. 2024-ல் சாம்பியனான ஒஹாயோ ஸ்டேட் அணியில் ட்ரேவியான் ஹென்டர்சன் இதில் கெட்டி. பந்தை க்வின்ஷான் ஜட்கின்ஸிடம் அதிகம் கொடுத்தார்கள்; இவர் முகம் சுளிக்கவில்லை. இருவருமே ஆயிரம் யார்டு தாண்டினார்கள். 2025 என்.எஃப்.எல். ஆள் தேர்வில் ஒருவர் 36-ஆவது, இன்னொருவர் 38-ஆவது. பங்கு போட்டதால் விலை குறையவில்லை. பதினாறு ஆட்டம் ஆடிய வருடத்தில் உடம்பில் பாதித் தேய்மானம் மிச்சம் என்பது மேல்வரவு.

கே: இப்போதுதான் பிடிக்காவிட்டால் உடனே வேறு காலேஜுக்குத் தாவிவிடலாமே. யார் காத்திருப்பார்கள்?

ப: 2021-லிருந்து ஒரு வருடம் சும்மா உட்காராமலே தாவலாம், விளம்பரத்தில் காசும் பார்க்கலாம். ஆகவே பெஞ்சு சீக்கிரம் காலியாகிறது. அதே கதவு வழியாக ஆள் உள்ளேயும் வரலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். மேலே சொன்ன ஜட்கின்ஸ் மிஸிஸிப்பியிலிருந்து தாவி வந்தவர்தான்!

கே: சரித்திரத்திலேயே சிறந்த ‘இரண்டாவது ஆள்’?

ப: பாரி சாண்டர்ஸ். 1987-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டில் தர்மன் தாமஸுக்கு மாற்று. தாமஸ் போனதும் 1988-ல் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு. இன்றுவரை எவரும் எட்டவில்லை.

கே: ஒரே ஆளை ஓட விட்டு ஜெயித்தவர்களே இல்லையா?

ப: 2015 அலபாமா. டெரிக் ஹென்ரி 395 முறை ஓடினார். ஆபர்னுக்கு எதிராக மட்டும் 46. கோப்பையும் வந்தது. அவர் ஆறடி மூன்றங்குல மலை. உங்கள் அணியில் மலை இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள்.

கே: உங்களுக்குப் பிடித்த ஜோடி?

ப: 2004 ஆபர்ன். கார்னல் வில்லியம்ஸ், ரானி பிரவுன். இருவரும் ஓடினார்கள், தடுத்தார்கள், எறியப்பட்ட பந்தையும் பிரவுன் பிடித்தார். 13 ஆட்டம், 13 வெற்றி. மறு ஆண்டு என்.எஃப்.எல். தேர்வில் பிரவுன் இரண்டாவது, வில்லியம்ஸ் ஐந்தாவது. ஆனால் தேசிய இறுதிப் போட்டிக்குத் தெற்கு கலிஃபோர்னியாவையும் ஓக்லஹோமாவையும் அனுப்பிவிட்டார்கள். ஜெயித்த தெற்கு கலிஃபோர்னியாவிடமிருந்து, புஷ் விதியை மீறிச் சலுகை வாங்கினார் என்று 2011-ல் அந்தப் பட்டத்தையும் பிடுங்கினார்கள். சரி, ஆபர்னுக்குக் கொடுத்தார்களா? அதுதான் இல்லை. காலியாகவே வைத்துவிட்டார்கள்.